யன்னலோரம் ஒரு கதிரை: வடக்கு வெளிச்சம் நமக்குச் சரிவருமா?

மே 11, கேள்வி (களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு வாசகி)

அப்பாவுக்கு வருகிற கார்த்திகையில் 70 வயது. நல்ல படம் ஒன்று எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. ஸ்டூடியோவுக்கு வரமாட்டாராம். வடக்கு யன்னல் பக்கத்தில் ஆளை இருத்தினால் வெளிச்சம் மெதுவாக விழும் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதிக் கிடக்கிறது. எங்கள் வீட்டு மண்டபத்தில் வடக்கு யன்னல் இருக்கிறது. இன்று காலை ஏழரைக்கு எடுத்தேன். ஒரு கன்னத்தில் வெள்ளைக் கோடு, மற்றப் பாதி கரி. கண் இரண்டும் சுருங்கி, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி இருக்கிறார். பழைய கனன் கமரா, 50 மி.மீ. லென்ஸ். பிளாஷ் வாங்க வேண்டுமா?

மே 11, இரவு

பிளாஷ் வேண்டாம். அந்தக் காசுக்கு அப்பாவுக்கு ஒரு சட்டை எடுங்கள்.

உங்களுடையது வடக்கு யன்னல் இல்லை. வடக்கு யன்னலில் வெயில் விழாது. அதனால்தான் ஓவியர்கள் காலங்காலமாக அதைத் தேடினார்கள். வெயில் விழுந்தது என்றால் அது கிழக்கு. போனில் திசைகாட்டி இருக்கும், ஒருக்கால் வைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு, கல்லடியில் பத்து வருடமாக யன்னல் பக்கத்தில் ஆட்களை இருத்திப் படம் எடுக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மே 12

வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேள்வி கேட்ட களுவாஞ்சிகுடித் தங்கச்சி எழுதிய பதிலை அப்படியே போடுகிறேன்: "அண்ணா, வாசல் கிழக்கு. சாமியறை வடகிழக்கு மூலை. யன்னல் வடக்கு. வீட்டுக்கு நிலையம் பார்த்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், வேண்டுமென்றால் நம்பர் தருகிறேன்."

சரி, வடக்குத்தான். அப்படியென்றால் கன்னத்தில் வெயில் எப்படி வந்தது? யோசிக்க வேண்டும். என் வீட்டு வடக்கு யன்னலை நான் காலை ஏழரைக்குப் பார்த்ததே இல்லை. அந்த நேரம் நான் எழும்புவதே அபூர்வம்.

அது தெளியும்வரை வேறொன்று கேட்கிறேன். அந்த மண்டபத்தில் மொத்தம் எத்தனை யன்னல்? எத்தனை திறந்து கிடந்தன?

மே 12, பின்னேரம்

நாலு. நாலும் திறந்து கிடந்தன. முன்கதவும் திறந்திருந்தது. எதிர்பார்த்ததுதான்.

நம் வீடுகள் காற்றுக்காகக் கட்டியவை. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் உள்ளே வந்து போக வழி இருக்கும். காற்று வரும் வழியால் வெளிச்சமும் வரும். நாலு பக்கமும் வெளிச்சம் வந்தால் மூக்குக்கு நாலு நிழல். தட்டையான முகமாக விழும், அல்லது கண்ணுக்குக் கீழே குழப்பமாக இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு இங்கே வேலையே இல்லை, அது கொட்டிக் கிடக்கிறது. மூடுவதுதான் வேலை. ஒரு யன்னலை விட்டு மற்றதை எல்லாம் பூட்டுங்கள். கதவையும் சாத்துங்கள். ரியூப் லைட்டை அணையுங்கள். அது எரிந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம், பிறகு கணினியில் எவ்வளவு மெனக்கெட்டாலும் இரண்டும் சேராது.

பூட்டினதும் அறை இருட்டாகிவிட்டதே என்று பயம் வரும். கண்ணுக்குத்தான் அப்படி. இன்று என் அறையில் மற்ற இரண்டு யன்னலையும் பூட்டிப் பார்த்தேன். கமராவில் ஷட்டர் வேகம் 1/250 செக்கன் என்று இருந்தது 1/125 ஆனது. ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் பாதி, அவ்வளவுதான். ஆனால் கதிரையில் இருந்த மச்சானுக்கு அப்போதுதான் தாடை என்று ஒன்று வந்தது.

மே 14

மச்சான் இதை வாசித்துவிட்டார். தாடை முதலே இருந்ததாம்.

மே 19

வெள்ளன எழும்பிப் பார்த்தேன். ஏழு மணிக்கு வடக்கு யன்னலில் வெயில் இருக்கிறது! நேரே உள்ளே வரவில்லை, சுவரை உரசிக்கொண்டு வலப்பக்கத்தில் இருந்து சரிவாக வருகிறது. யன்னல் கம்பியின் நிழல் கட்டையில் கோடு கோடாக விழுகிறது. தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

காரணத்தைக் கணக்குப் போட்டுவிட்டு எழுதுகிறேன். இடையில் கண்ட இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்கு அந்த வெயில் போய்விட்டது. அம்மாவை இருத்தி இரண்டு படம் எடுத்தேன். நாடிக்குக் கீழே வெளிச்சம், கண்குழியில் நிழல். சின்ன வயதில் ரோர்ச்சை நாடிக்குக் கீழே பிடித்துப் பேய் காட்டுவோமே, அதன் லேசான வடிவம். முதலில் விளங்கவில்லை. பிறகு வெளியே போய் நின்று பார்த்தேன். மண். எங்கள் வளவு முழுக்க வெள்ளைக் கடல் மண். மேலே கூரை இறவாணம் இரண்டரை அடி நீட்டி வானத்தை மறைக்கிறது. கீழே மண் வெயிலை வாங்கி யன்னலுக்குள் எறிகிறது. வானத்து வெளிச்சம் என்று நான் இத்தனை வருடம் நினைத்தது பாதி நிலத்து வெளிச்சம்.

மழைக்காலத்துக்கு வைத்திருந்த நீலத் தறப்பாளை யன்னலுக்கு வெளியே மண்ணில் விரித்தேன். நாடி வெளிச்சம் போயிற்று. அம்மாவின் கழுத்து நீலமாயிற்று. தறப்பாளைச் சுருட்டிவிட்டுப் பழைய சாக்குகளைப் போட்டேன். அதுதான் சரி.

படுவான்கரைப் பக்கம், வயலோரம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன். அங்கே நிலம் கறுப்பு. ஆனால் பச்சை வயல் பக்கத்தில் இருந்தால் பச்சை அடிக்கும். யன்னலுக்கு முன்னால் மாமரம் நிற்பவர்களுக்கும் அதுதான்.

ஜூன் 2

கேட்டிருந்தார்கள்: ஆளை யன்னலில் இருந்து எத்தனை அடியில் இருத்துவது?

இரண்டு மூன்று அடி. ஒளிக்கு ஒரு விதி உண்டு: தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகும். யன்னலுக்குக் கிட்ட இருத்தினால் முகம் பளிச்சென்று இருக்கும், பின்சுவர் தானாக இருட்டுக்குள் போகும். காலண்டரும் சுவர் மணிக்கூடும் தெரியாமல் போக அதுதான் மலிவான வழி. உள்ளே தள்ளி இருத்தினால் முகமும் சுவரும் ஒரே அளவில் வரும். படம் சோர்ந்திருக்கும்.

ஜூன் 3

கணிதம் படிப்பிக்கிற ஒரு வாசகர் காதைத் திருகியிருக்கிறார். அந்த விதி புள்ளி மாதிரிச் சின்ன விளக்குக்குத்தான் அப்படியே பொருந்துமாம். நாலடி யன்னலுக்கு இரண்டடியில் இருக்கிற ஆளுக்கு அது புள்ளி இல்லை, சுவர். அளந்து பார்த்தேன். இரண்டடியில் 1/200, நாலடியில் 1/80. காற்பங்கு இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு. தூரம் கூடக்கூடத்தான் காற்பங்குக்குக் கிட்ட வருகிறது. வாத்தியாருக்கு நன்றி. இருத்துகிற இடம் மாறவில்லை, சொன்ன காரணம்தான் பிழை.

மென்மைக்கும் இதுவேதான் கதை. முகத்தில் இருந்து பார்க்க யன்னல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மெதுவாகக் கரையும். ஆளைத் தள்ளத் தள்ள யன்னல் சின்னதாகும், நிழல் கத்தி மாதிரி வரும். சூரியன் எவ்வளவு பெரிது, ஆனால் தூரத்தில் இருப்பதால் வானத்தில் பொட்டு அளவு. அதனால்தான் தங்கச்சியின் அப்பா கன்னத்தில் கோடு.

ஜூன் 21

வடக்கு யன்னலில் வெயில் ஏன் வருகிறது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தது. இன்றைக்குத்தான் எழுதப் பொருத்தமான நாள்.

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7.7 பாகையில் இருக்கிறது. சூரியன் ஜூனில் வடக்கே 23.4 பாகை வரை போகிறது. அதாவது நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை உதிப்பது, உச்சிக்கு வருவது, விழுவது எல்லாமே வடக்குப் பக்கம்தான். இந்த மாதங்களில் தெற்கு யன்னலுக்கு வெயில் ஒரு பொட்டுக்கூடப் படாது. காலையில் இருந்து மாலை வரை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வடக்கு யன்னலில் ஒன்பது மணிவரை சாய்ந்த வெயில், பிறகு இறவாணம் மறைக்கிறது, பின்னேரம் மூன்றுக்கு மேல் மற்றப் பக்கத்தால் திரும்ப வருகிறது.

வடக்கு யன்னல் என்ற விதி ஐரோப்பாவில் இருந்து வந்தது. வெர்மீர் என்ற ஓவியரின் படங்களில் பெரும்பாலும் இடப்பக்கத்து யன்னலால் வெளிச்சம் விழும், பார்த்திருப்பீர்கள். அவர் இருந்த டெல்ஃப்ற் நகரம் 52 பாகையில். அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். அவர்களுக்கு அது சரி. நாம் அதை அப்படியே இறக்குமதி செய்து, 7.7 பாகையில் குந்திக்கொண்டு, வெயில் ஏன் வருகிறது என்று கேட்கிறோம். நான் கேட்கவும் இல்லை, திசைகாட்டியைப் பார் என்று சொன்னேன்.

ஆகவே ஏப்ரல் நடுவில் இருந்து ஓகஸ்ட் கடைசிவரை தெற்கு யன்னல். பிறகு வடக்கு. கிழக்கு யன்னல் மத்தியானத்துக்குப் பிறகு, மேற்கு யன்னல் காலையில். என் பத்து வருட அனுபவத்தில் இது ஏன் தெரியவில்லை என்றால், என்னுடைய வேலை பெரும்பாலும் பத்து மணிக்கு மேல். இறவாணம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஜூன் 22

"தெற்கு யன்னல் இல்லாத வீட்டுக்கு என்ன வழி?" வெயில் விழுகிற யன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெயில் துணியில் விழுந்து, துணியே விளக்காகும். கரை வெளிச்சத்துக்குள் வராமல் மடித்துவிடுங்கள்.

ஜூன் 24

மருதமுனையில் இருந்து ஒரு நானா. அவருடைய ஊரே நெசவு ஊர், துணி விசயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது. வெளுக்காத நூல் துணி என்றால் முகம் மஞ்சளாக வரும், நீலம் போட்டுத் தோய்த்த வேட்டி என்றால் குளிர்ந்து வரும், எதைக் கட்டினாலும் முதலில் அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து நிறச் சமநிலையை அதற்கு வைக்கச் சொல்கிறார். இரண்டு வேட்டியைக் கட்டிப் பார்த்தேன். உண்மை. கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி மஞ்சள், வீட்டு வேட்டி நீலம். இத்தனை நாள் இரண்டும் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8

தங்கச்சியின் இரண்டாம் முயற்சி. தெற்கு யன்னல், மற்றவை பூட்டு, மத்தியானம் பதினொரு மணி. வெளிச்சம் அருமை. ஆனால் அப்பா? கச்சான் காற்று வீசுகிற காலம். (கடலை இல்லை, காற்று. வெளியூர் வாசகர்களுக்காக.) மேற்கில் இருந்து நெருப்பு மாதிரி வரும். அதிலும் யன்னலைப் பூட்டி, ஃபானையும் நிறுத்தி, முழுக்கைச் சட்டை போட்டு மனிசனை இருத்தியிருக்கிறா. ஐந்தாவது நிமிடம் அவர் சொன்னதாம்: "என்ன மனே, யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஆளை அவிச்சு எடுக்கப் போறியா?" சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

நான் மே மாதம் "மூடுங்கள்" என்று எழுதியபோது இதை யோசிக்கவில்லை. மூடாமல் மறைக்கலாம். யன்னல் கதவைத் திறந்தே விட்டு, உள்ளே ஓர் அடி தள்ளிக் கறுப்புத் துணி தொங்கவிட்டால் காற்றுப் பக்கத்தால் வரும், வெளிச்சம் வராது. ஃபானை ஓட விடுங்கள். தலைமயிர் கொஞ்சம் பறந்தால் பறக்கட்டும். எல்லாம் ஆயத்தமானதும் கடைசியாக ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்தக் கதிரையில் ஒரு குடத்தை வைத்து வெளிச்சம் பார்க்கலாம். நான் அப்படித்தான். குடம் வியர்க்காது.

ஜூலை 9

கதை திசைமாறுகிறது, பரவாயில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண் 48 வயதில்தான், 1863இல், முதல் கமராவைத் தொட்டார். இங்கிலாந்தில் கண்ணாடி போட்ட கோழிக்கூடுதான் அவருடைய ஸ்டூடியோ. சூரிய வெளிச்சம் தவிர வேறு விளக்கு இல்லை. இருந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம். பெயரிலேயே கமரா இருக்கிற ஆள் நம் நாட்டு மண்ணில் இருக்கிறார். வளவில் கோழிக்கூடு உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் 2

"கறுப்பு முகத்துக்கு யன்னல் வெளிச்சம் போதுமா, கழுவின மாதிரி வருகிறதே" என்று ஒருவர் கேட்டு ஒரு கிழமை. பதில் எழுதத் தொடங்கி மூன்று தரம் அழித்துவிட்டேன்.

முதலில் கமராவின் புத்தி. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும். இருட்டுச் சுவருக்கு முன்னால் கறுப்பு ஆளை இருத்தினால், ஐயோ இருட்டு என்று வெளிச்சத்தைக் கூட்டும். முகம் வெளிறும். அதுதான் கழுவின மாதிரி வருவது. முக்கால் ஸ்டொப், ஒரு ஸ்டொப் குறையுங்கள். போனில் என்றால் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, கீழே இழுங்கள். அழகாக்கும் வசதி எது இருந்தாலும் நிறுத்துங்கள். கறுப்புத் தோலில் யன்னல் ஒரு மினுக்கமாக விழும்: நெற்றியில், மூக்குத் தண்டில், கன்னத்து எலும்பில். முகத்தின் வடிவத்தைச் சொல்வது அந்த மினுக்கம்தான், அதைப் பவுடர் போட்டு மூடாதீர்கள். நிழல் பக்கம் அளவுக்கு மீறி இருண்டால், குளிர்சாதனப் பெட்டி வந்த ரெஜிபோம் மட்டையை, யன்னல் வெளிச்சத்தைத் திருப்பி எறிய, நிழல் பக்கத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி நிறுத்துங்கள். கிட்ட வைத்தால் மறுபடியும் தட்டையாகும்.

இனி ஏன் அழித்தேன் என்பது. 2004இல் கடல் வந்தபோது நாவலடியில் எங்கள் வீடு போயிற்று. ஆட்கள் தப்பினோம். ஆல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மம்மாவின் முகம் இருந்த ஒரே இடம் அவவின் அடையாள அட்டை. மடியில் முடிந்து வைத்திருந்ததால் தப்பியது. மூன்று வருடம் கழித்து அவ போனபோது அந்த அட்டைப் படத்தைப் பெருப்பிக்க ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். அம்மம்மா நல்ல கறுப்பு. அவர்கள் வெள்ளையாக்கி, சுருக்கத்தை எடுத்து, உதட்டுக்குச் சிவப்புக் கொடுத்துத் தந்தார்கள். அஞ்சலிப் பிரசுரத்தில் அதுதான் வந்தது. செத்த வீட்டுக்கு வந்த ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டு "இது ஆரு கா?" என்று கேட்டா. அந்த மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு கமரா இருந்தது. கல்யாணம், சாமத்திய வீடு என்று ஊரெல்லாம் எடுத்தேன். அம்மம்மாவை ஒரு நாள் யன்னல் பக்கத்தில் இருத்தியிருக்கலாம்.

ஓகஸ்ட் 3

நேற்றைய குறிப்புக்குக் கீழே தங்கள் வீட்டுப் பெரியவர்களின் படங்களைப் போட்டிருக்கிறீர்கள், பதினொன்று. எல்லாம் பார்த்தேன். வந்தாறுமூலையில் இருந்து வந்த பெத்தாச்சி படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். கண்மணிக்குள் யன்னல் தெரிகிறது. ஐந்து கம்பி, அதற்குப் பின்னால் ஒரு தென்னை. கம்பிகளுக்குப் பக்கத்தில் தலை சரித்த ஒரு உருவம், படம் எடுத்த பேரன். அந்தக் கண் வெளிச்சம் இல்லாவிட்டால் முகம் தூங்கிவிடும். எடுக்கும்போது ஆளின் மூக்கை யன்னலின் நடுவுக்குத் திருப்பாமல் ஓரத்துக்குத் திருப்புங்கள். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் இருக்கும், மறு கன்னத்தில் சின்ன முக்கோணமும் விழும்.

செப்டம்பர் 3

இன்று மத்தியானம் வாளிக்கு நிழல் இல்லை. சூரியன் உச்சியில். இனி வடக்கு யன்னல்காரர்களின் காலம்.

நவம்பர் 18

மூன்று நாளாக மழை. "இருட்டிவிட்டது, படம் எடுக்க வழியில்லை" என்று எழுதுகிறவர்களுக்கு: இதைவிட நல்ல காலம் நம் ஊருக்கு வருடத்தில் இல்லை. வானம் முழுக்க ஒரே வேட்டி. மண் நனைந்து கருமையாகிவிட்டது, சாக்கு தேவையில்லை. குளிர்ச்சி, ஆளும் அவியமாட்டார். வேகம்தான் குறையும். 1/60க்குக் கீழே போகாதீர்கள், வயதானவர்கள் மூச்சு விட்டாலே அசைவு தெரியும். ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600க்கு ஏற்றுங்கள். படத்தில் மணல் மாதிரிப் பொரிப்பொரியாக வந்தால் வரட்டும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு: கண்ணாடிக் காலைக் காதில் இருந்து ஒள்ளுப்பம் உயர்த்திவிட்டால் யன்னல் அதில் தெரியாது.

நவம்பர் 26

தங்கச்சியிடம் இருந்து மின்னஞ்சல், இணைப்போடு. நேற்றுக் காலை பத்து மணி, அடைமழை, கரண்டும் இல்லை. அப்பா தானாகவே வடக்கு யன்னல் பக்கத்தில் கதிரையைப் போட்டு மழை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சட்டை இல்லை, தோளில் ஒரு துவாய். இவ ஒன்றும் சொல்லாமல் மற்ற யன்னல்களைச் சாத்தியிருக்கிறா; மழைக்கு என்று நினைத்து அவரும் கேட்கவில்லை. லென்ஸின் திறப்பு எஃப் 2.8, வேகம் 1/60, ஐஎஸ்ஓ 1600. மூன்று படம்தான் எடுத்திருக்கிறா.

இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை ஆறவிட்டேன். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணலாம். வெள்ளை மீசையில் ஒரு பக்கம் யன்னல், மறுபக்கம் அறை. குறை சொல்வதென்றால், பின்னால் சுவர் மணிக்கூட்டின் ஓரம் தெரிகிறது. வெட்டிவிடலாம். வெட்டவேண்டாம் என்றும் படுகிறது, மணி பத்து ஐந்து.

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னதாம்: "கோவமா இருக்கன். சரியாத்தான் இருக்கு."

நவம்பர் 27

இப்போது அம்மாவுக்கும் படம் வேண்டுமாம். குசினி யன்னலில்தான் இருப்பேன் என்கிறாவாம். அது மேற்கு.

மேற்கு என்றால் காலையில் எடுங்கள். அடுப்பு மூட்டுவதற்கு முதல்.